மூளை மாடலில் வலது கை பல்பை எந்தப் பக்க மூளையோடு இணைப்பது? (10ஆம் வகுப்புக் கண்காட்சி)

தண்டையார்பேட்டை டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் மூளை மாடல் செய்கிறார்கள். தெர்மாகோலில் 30 செ.மீ. நீளத்துக்கு மூளை, பக்கத்தில் அட்டையில் ஒரு ஆள் உருவம். மூளையில் பட்டனை அமுக்கினால் உடம்பில் அதற்குரிய இடத்தில் எல்இடி எரிய வேண்டும்.

சந்தேகங்கள் இவை. இடது மூளை வலது உடம்பை இயக்குகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் வயரை எந்த இடத்தில் குறுக்கே திருப்புவது? ஒரு பையன் இரண்டு அரைக்கோளத்தையும் இணைக்கிற கார்பஸ் கலோசத்திலேயே திருப்பிவிட்டான். அது சரியா? சிறுமூளைக்கும் அதே மாதிரி குறுக்கு வயர்தானா? பெயின்ட் ஸ்ப்ரே அடித்ததில் ஒரு பக்கம் தெர்மாகோல் உருகிப் பள்ளமாகிவிட்டது, வேறு என்ன அடிக்கலாம்? கூடவே நிஜ மூளை ஒன்றையும் வைக்க ஆசை. கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்கினால் நாள் முழுக்கத் தாங்குமா?

வண்ணாரப்பேட்டை பிசியோ

டீச்சர், முதலில் அந்த வயரைக் கார்பஸ் கலோசத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அது இடது அரைக்கோளமும் வலது அரைக்கோளமும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பாலம். உடம்புக்குப் போகிற கட்டளை அந்த வழியாகப் போவதில்லை. கை காலுக்கான நரம்பிழைகள் பெருமூளையின் மேல்பரப்பில் கிளம்பி, உள்ளே கற்றையாகச் சேர்ந்து, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கிற மூளைத்தண்டில் நடுமூளை, பான்ஸ் இரண்டையும் அதே பக்கமாகவே கடந்து, அதன் கடைசிப் பகுதியான முகுளத்தின் அடிப்பகுதிக்கு வந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் மாறுகின்றன. 85 முதல் 90 சதவீத இழைகள் அங்கே மாறும். மிச்சம் அதே பக்கமாகக் கீழே இறங்கும்.

மாடலில் இதைக் காட்ட, முகுளம் முடிந்து தண்டுவடம் தொடங்குகிற இடத்தில் 3 செ.மீ. நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகுங்கள். இடது மூளையிலிருந்து வருவதெல்லாம் சிவப்பு வயர், வலது மூளையிலிருந்து வருவதெல்லாம் நீல வயர். இரண்டும் அந்தக் குழாய்க்குள் பெருக்கல் குறி போலக் குறுக்கே போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பார்க்க வருகிறவர்கள் விரலை வைத்துத் தேடுகிற இடம் அதுதான்.

சிறுமூளைக்குக் குறுக்கு வயர் வேண்டாம். வலது சிறுமூளை வலது கை காலைத்தான் கவனிக்கிறது. காரணம் இதுதான்: வலது சிறுமூளையின் செய்தி முதலில் இடது பெருமூளைக்குப் போகிறது, இடது பெருமூளையின் கட்டளை திரும்ப வலது உடம்புக்கு வருகிறது. இரண்டு முறை குறுக்கே போனால் புறப்பட்ட பக்கத்துக்கே வந்துவிடும். அதனால் வலது சிறுமூளை அடிபட்டவருக்கு வலது கைதான் தடுமாறும். பலம் இருக்கும், அளவு தப்பும். டம்ளரை எடுக்கப் போனால் கை டம்ளரைத் தாண்டிப் போய்விடும். கடை மாடல் எதிலாவது சிறுமூளையைக் குறுக்காகக் காட்டியிருந்தால், அதைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள்.

அடுத்தது பட்டன் எங்கே வைப்பது. ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை ஒரு ரிப்பன் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்தக் கோட்டில் ஆழமான ஒரு பள்ளம் உண்டு. அதற்கு முன்னால் இருக்கிற மேடு தசைகளை இயக்கும். பின்னால் இருக்கிற மேடு தொடு உணர்வை வாங்கும். மேட்டில் உடம்பு தலைகீழாகப் படுத்திருக்கிறது: பாதம் இரண்டு அரைக்கோளத்துக்கும் நடுவே உள்பக்கமாக மடிந்து கிடக்கும், உச்சியில் கால், பிறகு நடு உடம்பு, புஜம், கை விரல்கள், முகம், உதடு, கடைசியில் காதுக்குக் கிட்டத்தில் நாக்கு. 1937இல் மூளை அறுவை மருத்துவர்கள் பென்ஃபீல்டும் போல்ட்ரியும், மயக்க மருந்து இல்லாமல் விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் அறுவை சிகிச்சையின்போது மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்த்து இந்த வரிசையை வெளியிட்டார்கள்.

இடம் பிரிப்பதில்தான் பிள்ளைகள் தவறு செய்வார்கள். உடம்பில் பெரிசாக இருப்பதற்கு மூளையிலும் பெரிய இடம் கொடுப்பார்கள். நுணுக்கமான வேலை செய்கிற உறுப்புக்குத்தான் அதிக இடம். ஒரு பக்கத்துக்கு 20 செ.மீ. பட்டை இருந்தால் காலுக்கு 3, முதுகு வயிறு எல்லாம் சேர்த்து 2, புஜத்துக்கு 3, கை விரல்களுக்கு 5, முகம் உதடு நாக்குக்கு 7 என்று வண்ணம் அடியுங்கள். இது விகிதம் புரிவதற்கான தோராயக் கணக்கு. முதுகு முழுவதையும்விடக் கட்டைவிரலுக்குப் பெரிய இடம் என்று பார்த்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

பேச்சுக்குக் குறுக்கு வயரே தேவையில்லை, இரண்டு பட்டனும் இடது பக்கம் மட்டும். வலது கைக்காரர்களில் நூற்றுக்கு 95 பேர் அளவுக்கு மொழி இடது மூளையில் இருக்கிறது. இடது கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு அங்கேதான். வாய் உதட்டை இயக்கும் மேட்டுக்குச் சற்று முன்னால் புரோக்கா பகுதி. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா பார்த்த நோயாளி "டான்" என்ற ஒரே அசையைத்தான் சொல்லுவார், மற்றவர் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரியும். காதுக்கு மேலே, பொட்டு மடலின் (பெருமூளையில் காதோரம் இருக்கிற பகுதி) பின்பகுதியில் வெர்னிக்கே பகுதி. அது கெட்டால் பேச்சு சரளமாக வரும், ஆனால் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் விளங்காது. நாக்கை இயக்குகிற இடம் வேறு, சொல்லைத் தேடிக் கோக்கிற இடம் வேறு. இரண்டையும் ஒரே பட்டனில் போட்டுவிடாதீர்கள்.

ராயபுரம் லேப்

டீச்சர், தெர்மாகோல் உருகினது ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பானால். தின்னர், அசிட்டோன் எதுவுமே ஆகாது. சூடான க்ளூ கன்னும் பள்ளம் போடும். ஃபெவிகாலில் பாதி தண்ணி கலந்து, கிழித்த நியூஸ்பேப்பரை இரண்டு அடுக்கு ஒட்டி, ஒரு நாள் ஃபேன் காத்தில் காயவிட்டு, போஸ்டர் கலர் அடிங்க. நம்ம ஊர் ஈரக் காத்துல சீக்கிரம் காயாது, ரெண்டாவது அடுக்கை அவசரப்பட்டு ஒட்டினா உள்ளே பூஞ்சை பிடிக்கும். மடிப்புகளுக்குப் பருத்திக் கயிறு போதும். ஆனா கயிறை இஷ்டத்துக்குச் சுத்தாதீங்க. பிசியோ சொன்ன உச்சிப் பள்ளத்தையும், பொட்டு மடலைப் பிரிக்கிற பக்கவாட்டுப் பள்ளத்தையும் முதல்ல பேனாவில் போட்டுட்டு, மத்த மடிப்பை அதுக்கேத்த மாதிரி அமைங்க. அந்த ரெண்டு கோடும் இல்லாட்டி எந்த மடல் எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

எல்இடிக்குப் பழைய செல்போன் சார்ஜரோட 5 வோல்ட் போதும். ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியா 330 ஓம் ரெசிஸ்டர் போடணும். சிவப்புக்கு ரெண்டு வோல்ட் போக மீதி மூணு வோல்ட் ரெசிஸ்டர்ல விழும், 9 மில்லி ஆம்பியர் ஓடும், பளிச்சுன்னு எரியும். ஒரே ரெசிஸ்டரில் சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து மாட்டினா சிவப்பு மட்டும்தான் எரியும். சிவப்பு ரெண்டு வோல்ட்டிலேயே கரண்டை இழுத்துக்கும், நீலத்துக்கு மூணு வேணும், அது வராது. நீளமான கால் பிளஸ். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கும்போது ரெண்டு மூணு பல்பு கூடுதலாவே வாங்கிடுங்க.

இப்ப ஆட்டு மூளை. கடைக்குக் காலையில வெள்ளனப் போங்க. "தலையை ரெண்டா பொளக்காம, மேல் ஓட்டை மட்டும் எடுத்து முழுசா குடுங்க"ன்னு முதல் நாளே சொல்லி வைக்கணும். சொல்லாட்டி கத்தி நடுவுல இறங்கும், சிறுமூளையும் முகுளமும் பிய்ஞ்சு ஓட்டோடவே நின்னுடும். உங்களுக்கு வேண்டியதே அந்தப் பின்பக்கம்தான். முடிஞ்சா ரெண்டு வாங்குங்க. ஒண்ணை முழுசா வைங்க, இன்னொண்ணை நட்டநடுவுல நீளவாக்கில் கீறி உள்ளே காட்டுங்க.

பச்சை மூளை கெட்டித் தயிர் மாதிரிதான் இருக்கும். வெயிலில் ரெண்டு மூணு மணி நேரத்துல குழைஞ்சிடும். ஒரு நாள் கண்காட்சின்னா வீட்டுல சமைக்கிறதுக்கு முன்னாடி செய்யற மாதிரியே, உப்பு போட்டுக் கொதிக்கிற தண்ணியில அஞ்சு நிமிஷம் விட்டு எடுங்க. புரதம் இறுகிக் கெட்டிப்படும். மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம், வெள்ளை, சாம்பல் வித்தியாசம் மறைஞ்சிடும். அப்புறம் ஐஸ் மேல தட்டு வைச்சுக் காட்டுங்க. நுரை மாதிரி மேல ஒட்டியிருக்கிற மெல்லிய ஜவ்வை வேகவைக்கறதுக்கு முன்னாடியே உரிச்சிடணும். அதுதான் பியாமேட்டரும் அரக்னாய்டும். மடிப்புக்குள்ள ஓடற ரத்தக் குழாயும் அதோடயே வரும்.

வருஷக் கணக்குல வைக்கணும்னா ஃபார்மலின். கடை ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்கு. மூளையைப் போலப் பத்து மடங்கு கரைசல் இருக்கணும். ஜாடி அடியில படுக்க வைச்சா அந்தப் பக்கம் தட்டையாயிடும், அதனால நூல் கட்டி மிதக்க விடுங்க. ரெண்டு வாரம் ஆகும். புகை கண்ணைக் கரிக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் அது. பிள்ளைங்க கை வைக்கவே கூடாது. கையுறை போட்டு, ஜன்னல் திறந்து, நீங்களோ லேப் அசிஸ்டெண்டோ மட்டும் செய்யுங்க. வெளியே எடுத்துக் காட்டறதுக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க தண்ணியில ஊறவிடுங்க. அதைத் தெரு நாய்க்குப் போட்டுடாதீங்க. கறி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளைத் தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

என்ன தெரியும்னு கேட்டா, திருப்பிப் போட்டுப் பாருங்க. முன்பக்கம் அடியில ரெண்டு குமிழ் துருத்திக்கிட்டு இருக்கும், அது மோப்பத்துக்கு. ஆட்டுக்கு அது பெரிசு, நமக்குத் தீக்குச்சி மாதிரி சின்னது. அதுக்குப் பின்னால பார்வை நரம்பு ரெண்டும் வெள்ளையாக் குறுக்கே போகும். பிட்யூட்டரி மூளையோட வராது, மண்டையோட்டுக் குழிக்குள்ளேயே தங்கிடும், காணோம்னு தேடாதீங்க. சிறுமூளையைக் கீழ்ப்பக்கமா லேசா இழுத்தா நாலு உருண்டை தெரியும். மேல ரெண்டு, பார்த்த பக்கம் கண்ணைத் திருப்ப. கீழ ரெண்டு, சத்தம் கேட்ட பக்கம் திரும்ப. நடுவுல கீறினதில் சிறுமூளைக்குள்ள வெள்ளையா ஒரு மரம் கிளை விட்டிருக்கும். அதைப் பார்க்காத பிள்ளை இருக்கக் கூடாது.

ஆட்டுக்குச் சிறுமூளை பெருமூளைக்குப் பின்னால நிக்கும், நமக்குக் கீழே ஒளிஞ்சிருக்கும். நாம நிமிர்ந்து நடக்கறதால தண்டுவடம் கீழ்நோக்கித் திரும்பினது அதுக்கு ஒரு காரணம். காசிமேட்டுல சூரை மீன் தலை ஒண்ணு கிடைச்சா அதையும் பக்கத்துல வைங்க. பெருமூளை துணுக்குதான், பார்வைக்கான மேடும் சிறுமூளையும்தான் கண்ணுக்குப் படும். ஓயாம வேகமா நீந்தற மீனுக்கு அது வேணும்.

தண்டையார்பேட்டை டீச்சர்

மிக்க நன்றி. குழாய் யோசனையைப் பசங்க உடனே பிடித்துக்கொண்டார்கள். பொளக்காத மூளைக்குக் கடைக்காரரிடமும் சொல்லியாயிற்று. இன்னும் இரண்டு: கண்ணுக்கு எப்படி வயர் போடுவது, இடது கண் வலது மூளைக்கா? அப்புறம், பார்க்க வருகிறவர்கள் தாங்களே செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வியாசர்பாடி கேரம்

செய்து பார்க்கிறதுக்கு நம்ம ஏரியாவில் கேரம் போர்டைவிட நல்ல கருவி எது டீச்சர்? ஸ்டாலில் ஒரு போர்டு போடுங்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா நம்ம பக்கத்துப் பெண். பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று காட்டினாலே பாதிப் பாடம் முடிந்தது.

ஒரே ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காய் எங்கே இருக்கிறது என்பதைப் பிடரி மடல் வாங்குகிறது. காய்க்கும் பாக்கெட்டுக்கும் நடுவே உள்ள கோணம், அந்த இடத்துக்கு என் கை எவ்வளவு தூரம் என்பது உச்சி மடலின் வேலை. நேரா, கட்டா, தேர்டா, எந்த வகை ஷாட் என்று முடிவெடுப்பது நெற்றி மடல். சுண்டாமல் விரலை மடக்கிப் பிடித்து, சரியான நொடியில் விடுவிப்பதில் உள்ளே ஆழத்தில் இருக்கிற அடித்தள முடிச்சுகளுக்குப் பங்கு உண்டு. பார்க்கின்சன் நோயில் கெடுவது அந்தச் சுற்றுதான், அவர்களுக்கு அசைவைத் தொடங்குவதே பாடு. பிறகுதான் இடது பக்க மேட்டிலிருந்து வலது சுட்டுவிரலுக்குக் கட்டளை. அதிகபட்சம் 15 கிராம் எடையுள்ள ஸ்ட்ரைக்கருக்கு எவ்வளவு வேகம் என்று அளந்து கொடுப்பதும், போன ஷாட் சற்று நீளமாகப் போனதை வைத்து அடுத்ததைச் சரிக்கட்டுவதும் சிறுமூளை. மாடலில் ஒரு பட்டனுக்கு ஒரு பல்பு என்று மட்டும் வைக்காமல், "ஒரு ஷாட்" என்று தனிப் பட்டன் வைத்து ஆறு பல்பும் இந்த வரிசையில் எரிய விட்டால் என் மனசுக்கு அதுதான் சரியான மூளை மாடல்.

போர்டு தவிர, செலவில்லாத சோதனைகள்:

முகத்துக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் அச்செழுத்தைப் பிடித்து, தலையை "இல்லை" என்று வேகமாக ஆட்டிக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் தாளை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். தலை அசைந்தால் உள்காது அதை உணர்ந்து, மூளைத்தண்டு வழியாகக் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது, கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு விநாடியில். தாள் அசைந்தால் கண் பார்த்து, பெருமூளை கணக்குப் போட்டுத்தான் துரத்த வேண்டும், அந்த வழி மெதுவானது. இதற்கு முன் இதைச் செய்து பார்க்காதவர் யாராக இருந்தாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் செய்வார்.

ஸ்கேல் பிடிக்கிற சோதனை. 30 செ.மீ. ஸ்கேலின் சுழிய முனை விரல்களுக்கு நடுவே இருக்க, சொல்லாமல் விடுங்கள். 15 செ.மீ.யில் பிடித்தால் 0.17 விநாடி, 20இல் பிடித்தால் 0.20 விநாடி, 30இல் 0.25. ஒருவருக்கு ஐந்து முறை எடுத்து நடு மதிப்பை எழுதுங்கள். "ரெடி" சொல்லிவிட்டு ஒரே இடைவெளியில் விட்டால் முன்கூட்டியே ஊகித்துப் பிடித்துவிடுவார்கள், கணக்கு பொய்யாகும்.

முழங்கால் உதறல். உயரமான பெஞ்சில் கால் தரையில் படாமல் தொங்க வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் உள்ளங்கை ஓரத்தால் லேசாகத் தட்டுங்கள். வராவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, ஆள் காலை இறுக்கிப் பிடித்திருப்பார். இரண்டு கை விரல்களையும் கொக்கி மாதிரி கோத்து இழுக்கச் சொல்லிவிட்டுத் தட்டினால் பளிச்சென்று வரும். உதறல் தண்டுவடத்திலேயே முடிகிற வேலை, மூளையின் உத்தரவு வேண்டியதில்லை.

வண்ணாரப்பேட்டை பிசியோ

கண் விஷயத்தில் "இடது கண் வலது மூளைக்கு" என்று எழுதிவிடாதீர்கள் டீச்சர். கண் அல்ல, காட்சிதான் பிரிகிறது. நேராகப் பார்க்கும்போது இடது கைப்பக்கம் தெரிகிற காட்சி முழுவதும், அது எந்தக் கண்ணில் விழுந்தாலும், வலது பிடரி மடலுக்குப் போகும். ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப்பக்க இழைகள் மட்டும் குறுக்கே மாறும், காதுப்பக்க இழைகள் அதே பக்கம் போகும். அதனால் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் இரண்டு வயர், ஒன்று நேராக, ஒன்று குறுக்காக. வலது பிடரி மடல் அடிபட்டவர் இடது கண்ணை இழப்பதில்லை. இரண்டு கண்ணிலும் இடது பாதிக் காட்சியை இழப்பார், நேராகப் பார்க்கும்போது தட்டில் இடது பக்கம் இருக்கிற சோறு அவருக்குத் தெரியாது.

முகத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. நெற்றித் தசைக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் வயர் போக வேண்டும், வாய்ப்பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூளை மட்டும். பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றியைச் சுருக்க முடிவது இதனால்தான். மூளை நன்றாக இருந்து முக நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டால் நெற்றியும் சுருங்காது, அந்தப் பக்கக் கண்ணையும் மூட முடியாது. ஆனால் வீட்டில் யாரும் இதை வைத்து "நெற்றி சுருங்கலை, பக்கவாதம் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

மாடல் பக்கத்தில் ஓர் அட்டையில் இதையும் எழுதி வைக்க வேண்டுகிறேன். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒரு கை தானாகக் கீழே இறங்கினால், பேச்சு குழறினால், உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிகிற நேரம் வழக்கமாக நாலரை மணி நேரம்தான். அதற்குள் சிடி ஸ்கேன் எடுத்து, அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவாக இருந்தால் அந்த ஊசி ஆளைக் கொன்றுவிடலாம். அதனால் ஸ்கேன் இல்லாத பக்கத்துக் கிளினிக்கில் நேரத்தைப் போக்காமல், ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையும் வீட்டில் கொடுக்கக் கூடாது. தண்ணீரும் வேண்டாம், பக்கவாதத்தில் விழுங்குவதும் கெட்டிருக்கலாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். நாலரை மணி நேரம் என்பது நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. தூங்கி எழும்போதே கை வரவில்லை என்றால் படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள்.